தொட்டிக்குள் இறங்க வேண்டாம்!

உங்கள் வீட்டு மொட்டைமாடியில் கறுப்பு நிறத் தண்ணீர்த் தொட்டி ஒன்று நிற்கிறதல்லவா? அதன் மூடியைத் திறந்து உள்ளே கையை விட்டுப் பாருங்கள். கை அடியைத் தொடுகிறதா? தொடாது. ஆயிரம் லிட்டர்த் தொட்டி ஏறத்தாழ நான்கு அடி உயரம். நம் கையின் நீளமோ இரண்டடி. எட்டாத அந்த இரண்டடிக்காக நான் ஒருமுறை ஒரு சிறுவனை உள்ளே இறக்கினேன். அதை எண்ணும்போதெல்லாம் இன்றும் என் நெஞ்சு நடுங்குகிறது. என் தவற்றை நீங்களும் செய்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் புதுக் கல்லூரியில் வரலாறு பயின்று பட்டம் பெற்றவன். மயிலாப்பூர் கச்சேரி சாலையை ஒட்டிய ஒரு சந்தில், மாலை நேர மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்து வருகிறேன். அக்பர் அரியணை ஏறிய ஆண்டைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவேன். செக்நட்டை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று கேட்டால் அன்றைக்கு விழித்திருப்பேன்.

2019ஆம் ஆண்டுக் கோடையைச் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ முற்றிலும் வறண்டு கிடந்தன. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலேறி வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. மாநகரத்தின் தாகம் தீர்க்கத் தண்ணீர் ரயிலில் வந்த காலம் அது. அதற்குச் சில வாரங்கள் முன்பு, ஜூன் மாதத்தில் நடந்ததுதான் நான் சொல்லப்போவது.

எங்கள் மதரஸா இயங்கும் கட்டடத்தில் தரைக்கடித் தொட்டி நான்கு குடித்தனங்களுக்கும் பொது. லாரி வந்து அதில் தண்ணீர் விட்டதும் அவரவர் மோட்டாரைப் போட்டு மேலே ஏற்றிக்கொள்வதுதான் அவரவர் பங்கு. எங்களிடம் இருந்தது ஆயிரம் லிட்டர்த் தொட்டி ஒன்றே. பிள்ளைகள் ஒளூச் செய்யத் தண்ணீர் போதவில்லை என்றறிந்த அன்பர் ஒருவர் ஐந்நூறு லிட்டரில் இன்னொரு தொட்டி வாங்கித் தந்தார். இரண்டையும் அடிப்பகுதியில் ஒன்றரை அங்குலக் குழாயால் இணைத்துவிட்டால், ஒன்றில் ஏறும் நீர் மற்றதிலும் அதே மட்டத்துக்கு ஏறிவிடும். எளிய வேலைதான்.

ஆனால் எளிய வேலையிலும் ஒரு முடிச்சு இருந்தது. தொட்டியில் குழாய் பொருத்தும் முறை நீங்கள் அறிந்ததே. சுவரில் துளையிட்டு, ‘டேங்க் நிப்பிள்’ என்னும் உறுப்பை உட்புறமிருந்து வெளியே நீட்ட வேண்டும். அதன் அகன்ற தலை உள்ளே சுவரோடு படியும். மரையுள்ள கழுத்து வெளியே வரும். ரப்பர் வாஷர் இட்டு வெளியிலிருந்து செக்நட்டால் இறுக்க வேண்டும். ஆகவே ஒரு கை உள்ளே இருந்தாக வேண்டும். புதிய தொட்டியைத் தரையில் சாய்த்துப் படுக்கவைத்து இதை முடித்துவிட்டோம். பழையதோ பல குழாய்களால் பிணைக்கப்பட்டு, படிக்கட்டு அறைச் சுவரோரம் ஆண்டுக்கணக்காக நிற்பது. அதைச் சாய்க்க இயலாது.

தொட்டியை ஏன் இப்படிச் செய்தார்கள் என்று கேட்பீர்கள். குஜராத்தின் கலோல் நகரில் 1975ஆம் ஆண்டு ‘சின்டெக்ஸ்’ என்ற பெயரில் இத்தகைய தொட்டிகளைத் தயாரிக்கத் தொடங்கினார்கள். பின்னர் எந்த நிறுவனத்தின் கறுப்புத் தொட்டிக்கும் நம் ஊரில் அதுவே பெயராயிற்று. பாலிஎத்திலீன் தூளை அச்சுக்குள் இட்டு, சூடேற்றிச் சுழற்றினால், தூள் உருகி அச்சின் உட்சுவரெங்கும் படியும். ஆறியபின் ஒட்டோ இணைப்போ இல்லாத ஒரே உடலாகத் தொட்டி வெளிவரும். கசியாதிருப்பதற்கு அதுவே காரணம். உள்ளே போவதற்கு மூடி தவிர வேறு வாயில் இல்லாதிருப்பதற்கும் அதுவே காரணம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்த குழாய்ப் பணியாளர் ஓர் இளைஞர். இருந்த தண்ணீரைக் குடங்களில் பிடித்து வைத்துவிட்டு, அடிச்சுவரில் துளையை வெட்டி முடித்தார். பிறகு என்னைப் பார்த்து, “ஒல்லியான பையன் ஒருத்தனை உள்ளே இறக்குங்க பாய், அஞ்சு நிமிஷ வேலை” என்றார். பதினொரு வயது மாணவன் ஒருவன், “நான் இறங்குறேன் ஹஜ்ரத்” என்று சட்டையைக் கழற்றினான். நான் தடுக்கவில்லை. மாறாக, “கெட்டிக்காரன்!” என்று அவன் முதுகில் தட்டிக் கொடுத்தேன்.

உச்சி வெயிலில் அந்தக் கறுப்புத் தொட்டி அடுப்பாய்க் கொதித்தது. நிப்பிளின் மீது பி.வி.சி. சொல்யூஷனைத் தாராளமாகத் தடவி அந்த இளைஞர் உள்ளே நீட்டினார். அந்தப் பசையிலிருந்து எழும் ஆவி காற்றைவிடக் கனமானது. மூடிய இடத்தில் மேலே எழாமல் அடியிலேயே தேங்கும். இதையெல்லாம் பின்னரே அறிந்தேன். இரண்டு நிமிடம் கூட ஆகியிருக்காது. “ஹஜ்ரத், தலை சுத்துது” என்ற குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. குனிந்து அவன் இரு கைகளையும் பற்றி இழுத்தேன். குறுகிய வாயில் அவன் முழங்கை உரசித் தோல் பெயர்ந்தது. வெளியே வந்தவன் நிழலில் உட்கார்ந்து வாந்தியெடுத்தான்.

அவனுடைய தாயார் அப்போது சந்து முனையில் குடத்தோடு வரிசையில் நின்றிருந்தார். பிள்ளைகளில் எவனோ ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறான். காலிக் குடத்தோடு படியேறி வந்த அந்தச் சகோதரி சத்தம் போடவில்லை. மகனின் முகத்தைத் தம் முந்தானையால் துடைத்துவிட்டு, “ஹஜ்ரத், ஓதத்தானே இவனை உங்ககிட்ட அனுப்பினேன்?” என்று மட்டும் கேட்டார். மகனை அழைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

எண்ணிப் பாருங்கள்! பிள்ளைகள் பெற்றோர் நம்மிடம் ஒப்படைக்கும் அமானிதம் என்று எத்தனை மேடைகளில் பேசியிருக்கிறேன்! ஒரு செக்நட்டுக்காக அந்த அமானிதத்தை நான் தொட்டிக்குள் இறக்கிவிட்டேன்.

இளைஞரும் வேலையைப் பாதியில் விட்டுச் சென்றுவிட்டார். துளையில் துணி சுற்றிய மர ஆப்பு ஒன்றை அடித்து, குடங்களில் இருந்த நீரைத் திரும்ப ஊற்றினோம். ஆப்பு கசிந்தது. மறுநாள் ஃபஜ்ருக்குப் பின் அதன் கீழே ஒரு பாத்திரத்தை வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் கால் லிட்டர். அதாவது நாள் ஒன்றுக்கு 36 லிட்டர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்து’ அளவு நீரில் ஒளூச் செய்ததைப் பாடமாக நடத்துபவன் நான். இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு அது. ஷாஃபிஈ மத்ஹபின் கணக்குப்படி முக்கால் லிட்டரைத் தாண்டாது. நாற்பத்தெட்டுப் பிள்ளைகள் ஒளூச் செய்யும் நீர், ஒரு நாளில் மாடித் தரையில் ஓடிக்கொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை லாரி வரும். அதற்குள் வழி காண வேண்டும்.

தியாகராய நகரில், பாண்டி பஜாருக்குப் பின்புறத் தெருவொன்றில் உள்ள குழாய்ச் சாமான் கடைக்குச் சென்றேன். அங்கே உட்கார்ந்திருந்த முதியவர் ஒருவர், தேனிப் பக்கத்துக்காரர், நாற்பதாண்டு அனுபவமுள்ள பிளம்பர், நான் சொன்னதை முழுவதும் கேட்டார். “ஏன் பாய், கயிறு இருக்கும்போது ஆளை எதுக்கு உள்ளே விட்டீங்க?” என்றார். அன்று அஸருக்குப் பின் அவரே வந்து செய்து காட்டினார். அதை அப்படியே உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில், புதுத் துளை தேவையா என்று பார்க்க வேண்டும் என்றார். ஏற்கெனவே உள்ள வெளிவழிக் குழாயில் ஒரு ‘டீ’ போட்டு இணைத்தாலே பல வீடுகளில் போதும். எங்கள் பழைய குழாய் முக்கால் அங்குலம்தான். மோட்டார் தள்ளும் வேகத்துக்கு அது ஈடுகொடுக்காமல், புதுத் தொட்டி நிரம்புமுன் பழையது வழிந்துவிடும். மேலும் துளைதான் வெட்டியாகிவிட்டதே! ஆகவே கயிற்று முறைதான்.

நீர்மட்டத்தைத் துளைக்குக் கீழே இறக்கிவிட்டு ஆப்பைப் பிடுங்கினார். துளைக்குள் விரலை விட்டு உட்புற விளிம்பைத் தடவி, பிசிறுகளைக் கத்தியால் சீவினார். அங்கே பிசிறு இருந்தால் வாஷர் படியாது, கசியும். பிறகு மெல்லிய நைலான் கயிறு ஒன்றைத் துளை வழியே உள்ளே செலுத்தி, மூடி வழியாக ஒரு கம்பிக் கொக்கியால் அதன் நுனியை மேலே இழுத்தார். அந்த நுனியை நிப்பிளின் மரைப் பக்கம் நுழைத்து, தலைப் பக்கம் வெளியே எடுத்து, ஒரு குச்சியைக் குறுக்கே வைத்து முடிச்சிட்டார். தலையை ஒட்டி வாஷரைப் பொருத்தினார். நிப்பிளை மூடி வழியே உள்ளே விட்டுவிட்டு, வெளியிலிருந்து கயிற்றை மெல்ல இழுத்தார். மரைக் கழுத்து துளை வழியே தானாக வெளியே தலைநீட்டியது! பிள்ளைகள் “ஆ!” என்று கூவினார்கள், நானும் கூவியிருப்பேன், ஹஜ்ரத் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

கயிற்றைத் தளரவிடாமல் வெளி வாஷரையும் செக்நட்டையும் கோத்துத் திருகினார். இறுக்கும்போது நிப்பிளும் சேர்ந்து சுழலுமே? அதற்கும் வழி வைத்திருந்தார். மரையின் நுனியில் வேறு இரண்டு நட்டுகளை ஒன்றோடொன்று நெருக்கிப் பூட்டி, அவற்றை ஒரு ரெஞ்சால் பிடித்துக்கொண்டு, உள்ளிருக்கும் செக்நட்டை மற்றொரு ரெஞ்சால் இறுக்கினார். கையால் இறுகியபின் இன்னும் அரைச் சுற்று, அவ்வளவே. மிகுதியாக இறுக்கினால் ரப்பர் பிதுங்கிக் கசிவு வரும்.

“சொல்யூஷன் தடவ வேண்டாமா?” என்று கேட்டேன். சிரித்தார். பி.வி.சி. குழாயோடு பி.வி.சி. குழாயை ஒட்டத்தான் அந்தப் பசை. பாலிஎத்திலீன் தொட்டியில் அது ஒட்டாது. எம்-சீலும் நாளடைவில் உரிந்து வந்துவிடும். அடைப்பது ரப்பரின் அழுத்தம் மட்டுமே. அப்படியானால் அந்தச் சிறுவன் சுவாசித்த ஆவி எதற்கும் பயன்படாத ஒன்றுக்காக! அதை அறிந்தபோது என் வேதனை இரட்டிப்பாயிற்று.

இன்னொரு முறையும் அவர் சொன்னார். அவருடைய ஊர்ப்பக்கத்தில் சொட்டுநீர்ப் பாசனத்துக்குக் குழாயில் துளையிட்டு, ரப்பர் வளையம் ஒன்றைப் பதித்து, அதற்குள் சிறு இணைப்பை அழுத்திச் செருகுவார்கள். அந்தக் குழாய்க்குள் யார் கையை விட முடியும்? இதே தத்துவத்தில் தொட்டிகளுக்கென்று ‘யூனிசீல்’ போன்ற தடித்த ரப்பர் வளையங்கள் உண்டு. சரியான அளவில் துளையிட்டு, வளையத்தைப் பொருத்தி, நுனி சீவிய குழாயில் சோப்புநீர் தடவி அழுத்தினால், ரப்பர் விரிந்து இறுகிவிடும். உள்ளே நட்டும் வேண்டாம், கையும் வேண்டாம். வளைந்த சுவருக்கும் ஏற்றது. துளையின் அளவு மட்டும் பிசகக் கூடாது.

வாசகர்களே, மாடித் தொட்டியைவிடத் தரைக்கடித் தொட்டி பன்மடங்கு ஆபத்தானது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நெடுநாள் மூடிக் கிடக்கும் தொட்டியில் அழுகும் சேறும், துருவேறும் இரும்பும் காற்றிலுள்ள ஆக்சிஜனைக் குறைத்துவிடும். புதிதாகப் பூசிய வண்ணத்தின் ஆவி, எஞ்சின் பம்பின் புகை ஆகியனவும் உள்ளே தங்கும். கண்ணுக்குத் தெரியாது, பலவற்றுக்கு வாசனையும் இராது. முதலில் இறங்கியவர் மயங்கி விழ, காப்பாற்ற இறங்கிய அடுத்தவரும் மாண்டுபோகும் செய்திகளை நாம் படித்துக்கொண்டுதானே இருக்கிறோம்? போதிய அளவு வாயிலும் பாதுகாப்பும் இன்றித் தொட்டிக்குள் தொழிலாளி இறங்கலாகாது என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே விதி செய்தார்கள். பாதுகாப்பின்றி மனிதரைக் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. நம் வீட்டு மாடியிலும் முற்றத்திலும் வந்து பார்க்க அதிகாரி யாரும் இல்லை. அங்கே நாம்தான் பொறுப்பு.

செவ்வாய்க்கிழமை லாரி வந்தது. இரண்டு தொட்டிகளும் சமமாக நிரம்பின. இணைப்பின் கீழே ஒரு பழைய செய்தித்தாளை விரித்து வைத்திருந்தேன். மஃரிபுக்குப் பின் போய்ப் பார்த்தபோது அது காய்ந்தே இருந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

அதற்கு முன்பே, திங்கட்கிழமை இரவே, அந்தச் சகோதரியின் வீட்டு வாசலுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். “புள்ளை நல்லாருக்கான் ஹஜ்ரத், நாளைக்கு அனுப்புறேன்” என்றார். மறுநாள் கட்டுப் போட்ட முழங்கையோடு அவன் வந்து, தண்ணீர்க் குழாயடியில் முதல் ஆளாக நின்றான். இன்று பாலிடெக்னிக்கில் படிக்கிறான். அவன் முழங்கையில் அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது. என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரிக்கிறான், நான் தழும்பைத்தான் பார்க்கிறேன்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உங்கள் வீட்டில், பள்ளிவாசலில், மதரஸாவில் தொட்டி வேலை நடக்கும்போது, “ஒரு சின்னப் பையனை இறக்குங்க” என்று யாரேனும் சொன்னால், வீட்டிலிருக்கும் கொடிக்கயிற்றை எடுத்து அவர் கையில் கொடுங்கள். எப்படி என்று கேட்டால், இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.