பட்டாணிக்கு ஓர் இடம்

பாளையங்கோட்டை

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. நாய்க்குட்டி பட்டாணி வந்ததிலிருந்து, அது கண்ட இடத்தில் போவதால் உங்கள் வீட்டில் தினமும் ஒரு பஞ்சாயத்து என்று உன் அம்மா சொன்னாள். காலம் முழுக்க கால்நடை மருந்தகத்தில் வேலை பார்த்த மாமனிடம் ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா என்று அவளுக்கு வருத்தம். போனில் பேசினால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடும். அதனால்தான் கடிதம்.

முதலில் மணிக்கணக்கைப் பார். பட்டாணிக்கு மூன்று மாதம். இந்த வயசுக் குட்டி பகலில் மூன்று, மிஞ்சினால் நான்கு மணி நேரம் மூத்திரத்தை அடக்கும். வயசு எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டிக்கொள் என்பது நாய் வளர்ப்பவர்களின் தோராயக் கணக்கு. பொமரேனியன் மாதிரி சின்ன சாதிக்கு மூத்திரப் பையும் சின்னது என்பதால் அந்தக் கணக்கையும் கொஞ்சம் குறைத்துத்தான் வைக்க வேண்டும். நீங்கள் காலை எட்டரைக்குப் பூட்டிய கதவை மாலை ஏழு மணிக்குத் திறக்கிறீர்கள். வளர்ந்த நாயே எட்டு மணி நேரத்துக்கு மேல் அடக்கினால் பாவம். குட்டியால் எப்படி முடியும்? ராத்திரி ஆறேழு மணி நேரம் தாங்குகிறதே என்று மாப்பிள்ளை கேட்கலாம். தூங்கும்போது தாங்கும், விழித்துக்கொண்டு ஓடியாடும்போது தாங்காது.

அதனால் அடக்கக் கற்றுக்கொடுப்பதை இப்போதைக்கு விட்டுவிடு. எங்கே போக வேண்டும் என்பதை மட்டும் கற்றுக்கொடு. அடக்குவது வயசு ஏற ஏற வந்துவிடும்.

வீடு முழுக்க அதற்குத் திறந்து கிடக்க வேண்டாம். ஹாலில் ஒரு மூலையைத் தடுத்து, ஒரு கோடியில் படுக்கையும் தண்ணீரும், மறு கோடியில் அது போவதற்கு ஒரு தட்டும் வை. படுக்கும் இடத்தை அசுத்தம் செய்யக் கூடாது என்பது நாய்க்குப் பிறவியிலேயே ஓரளவு உண்டு. அதைத்தான் நாம் பயன்படுத்திக்கொள்கிறோம். தட்டில் பேப்பர் போடலாம். ஆனால் குட்டி நாய் பாதத்தில் படும் தரையை வைத்துத்தான் இடத்தை மனதில் வாங்கும். பேப்பரில் பழகினால் தரையில் கிடக்கும் எந்தப் பேப்பரும் அதற்குக் கழிப்பறைதான். துணி விரிப்பில் பழகினால் உன் மிதியடிக்கு ஆபத்து. பின்னால் புல்லில் போக வேண்டும் என்றால் இப்போதே தட்டில் புல்தரைத் துண்டு ஒன்றை வைத்துவிடு. தட்டை மாற்றும்போது நனைந்த பழையதில் கொஞ்சம் விட்டுவை, அந்த வாசனை அடுத்த முறை வழி காட்டும். பால்கனியில் அடைத்துவிட்டுப் போகாதே. சென்னை வெயிலில் அந்த ரோமக்கட்டு நாய் தாங்காது.

மத்தியானம் ஒரு ஆள் வேண்டும், அதற்கு மாற்று இல்லை. வேலைக்கு வரும் அம்மா காலையில் வருவதை ஒரு மணிக்கு மாற்ற முடியுமா என்று கேள். தட்டை மாற்றி, சாப்பாடு போட்டு, பத்து நிமிஷம் கூட இருந்தால் போதும். சும்மா உதவியாகக் கேட்காமல் தனிச் சம்பளம் பேசிக் கொடு. பாதியில் நின்றுபோனால் பாதிக்கப்படுவது குட்டிதான்.

நீங்கள் வீட்டில் இருக்கும் நேரத்தில்தான் உண்மையான பாடம் நடக்கும். தூங்கி எழுந்ததும், விளையாடி முடித்ததும், சாப்பிட்ட அரை மணிக்குள்ளும் தூக்கிக்கொண்டு போய் அந்த இடத்தில் விடு. வயிறு நிறைந்தால் குடல் அசையும் என்பதால் சாப்பாட்டு நேரம் ஒழுங்காக இருந்தால் மற்ற நேரமும் ஒழுங்காகும். குழந்தையைக் கால்மேல் உட்காரவைத்து 'ஷ்ஷ்' என்பார்களே, அதே சத்தம் கொடு. அது போய் முடித்த அந்த நொடியே, அங்கேயே, வேகவைத்த கோழியில் ஒரு துணுக்கு. சமையலறைக்கு வந்து கொடுத்தால் சமையலறைக்கு வந்ததற்குப் பரிசு என்றுதான் அது நினைக்கும். வெளியே நடத்திப் போகும் காலத்தில், போய் முடித்த உடனே வீட்டுக்கு இழுத்து வராதே. போனால் உலாவல் முடிந்துவிடும் என்று தெரிந்தால் கெட்டிக்கார நாய் அடக்கிவைத்துக்கொண்டு ஊரைச் சுற்றும்.

இனி சொல்லப்போவது மாப்பிள்ளைக்கு. நான் சொன்னதாகவே சொல். சாயங்காலம் வந்ததும் ஈரத்தில் குட்டியின் மூக்கைத் தேய்த்து, பேப்பரைச் சுருட்டி அடிக்கிறாராம். 'தப்புச் செய்தது அதற்கே தெரியும், காதை மடக்கிக்கொண்டு எப்படி முழிக்கிறது பாருங்கள்' என்கிறாராம். அந்த முழியை அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்கிற அமெரிக்க ஆராய்ச்சியாளர் சோதித்து 2009-ல் எழுதினார். தின்னக் கூடாது என்று சொன்ன பண்டத்தை நாய்கள் தின்றனவா இல்லையா என்பதை அவற்றை வளர்ப்பவர்களிடம் மாற்றி மாற்றிச் சொல்லி, 14 நாய்களின் முகத்தைப் பார்த்தார். தின்னாத நாயும் திட்டு வாங்கும்போது அப்படித்தான் முழித்தது. அது குற்ற உணர்ச்சி இல்லை, எதிரே நிற்கும் ஆளைப் பார்த்த பயம். காலையில் நடந்ததற்கும் மாலை அடிக்கும் முடிச்சுப் போட அதற்குத் தெரியாது. ஆள் இருக்கும்போது போனால் அடி விழும் என்பது மட்டும்தான் புரியும். உன் குட்டி சோபாவுக்குப் பின்னால் ஒளிந்து மூத்திரம் போவது அதனால்தான். கண்முன் தப்பான இடத்தில் போக ஆரம்பித்தால் சத்தம் போடாமல் தூக்கிச் சரியான இடத்தில் விடச் சொல். மற்ற எல்லாவற்றுக்கும் துடைப்பதே தண்டனை, அதுவும் நமக்குத்தான்.

துடைப்பதிலும் ஒரு விஷயம். கறுப்பு பினாயில் வேண்டாம். அதில் ஃபீனால் வகை உண்டு, பாதத்தில் ஒட்டியதை நக்கினால் விஷம். பிளீச்சிங் பவுடரும் வேண்டாம், மூத்திரத்தில் இருக்கும் அம்மோனியாவோடு சேர்ந்து கெட்ட புகை கிளம்பும். முதலில் ஒற்றி எடு. பிறகு செல்லப்பிராணிக் கடையில் கிடைக்கும் என்சைம் கலந்த திரவத்தை ஊற்றிக் கொஞ்ச நேரம் விடு. நமக்கு வாசனை போய்விட்டது என்பதால் அதன் மூக்குக்கும் போய்விட்டது என்று அர்த்தமில்லை.

ஆய் போகாமல் இருக்கட்டும் என்று காலைச் சாப்பாட்டை நிறுத்தினாயாம். அதைச் செய்யாதே. இவ்வளவு சின்னக் குட்டி பசியோடு கிடந்தால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கி, நடுங்கி விழுந்துவிடும். தண்ணீரையும் எடுத்துவைக்காதே.

ஒரு நாள் பழைய போனில் கேமராவை வைத்துவிட்டுப் போ. நீங்கள் கிளம்பிய சில நிமிஷத்திலேயே ஊளையிட்டு, கதவைப் பிறாண்டி, அங்கேயே போய்விடுகிறது என்றால் அது பழக்கக் கோளாறு இல்லை, தனிமைப் பயம். ரெண்டு நிமிஷம், ஐந்து நிமிஷம் என்று வெளியே போய்த் திரும்பி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பழக்க வேண்டும். சொட்டுச் சொட்டாக அடிக்கடி போனால் டாக்டரிடம் காட்டு. மூத்திரத் தொற்றாக இருக்கலாம். நீ உள்ளே நுழைந்ததும் வாலாட்டிக்கொண்டே விட்டுவிடுகிறது என்றால் அது சந்தோஷம்தான். கொஞ்சாமல் நேராகத் தட்டுக்குத் தூக்கிக்கொண்டு போ.

தடுப்பூசிகள் எல்லாம் முடியும்வரை தெருநாய் போகும் மண்ணில் இறக்கிவிடாதே; பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ரேபிஸ் ஊசிச் சான்றிதழ் கையில் வந்ததும் மாநகராட்சி உரிமத்துக்கு விண்ணப்பித்துவிடு. லிஃப்டில் நாயை ஏற்றக் கூடாது என்று குடியிருப்போர் சங்கத்தில் யாராவது சொன்னால், அப்படித் தடுக்கக் கூடாது என்று விலங்கு நல வாரியம் 2015-லேயே சொல்லியிருப்பதைக் காட்டு. ஆனால் லிஃப்டில் சொட்டினால் துடைக்க வேண்டியது நீதான், யாரும் சொல்வதற்கு முன்னால்.

இன்று முதல் ஒரு வாரம், எப்போது சாப்பிட்டது, எப்போது போனது, எங்கே போனது என்று ஒரு தாளில் எழுதி எனக்குப் படம் அனுப்பு. மத்தியான ஆள் எந்த நேரத்தில் வர வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும். சின்ன சாதிக்கு முழுசாகப் பழக ஒரு வருஷம்கூட ஆகலாம். ஒரு நல்ல வாரத்துக்குப் பின் ஒரு மோசமான நாள் வந்தால் மனசு விடாதே.

பொங்கலுக்கு வரும்போது பட்டாணியையும் கூட்டி வாருங்கள். முற்றத்தில் எங்கே போனாலும் அத்தையை நான் சமாளித்துக்கொள்கிறேன். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மாமா