பூம்புகாருக்கு ரெண்டு மழை!

'மச்சி, செமஸ்டர் லீவுக்கு பூம்புகார் போலாமா?' என்று கேன்டீனில் யாராவது ஆரம்பித்தால் உடனே தலையாட்டாதீங்க. 'எந்த மாசம்?' என்று ஒரு கேள்வியைப் போடுங்க. பீச் ஊர்தானே, எப்பப் போனாலும் ஜிலுஜிலுன்னு இருக்கும்னு நினைச்சா, அங்கேதான் மாட்டுவீங்க. ஆடியில் ஒரு ஊர், ஐப்பசியில் வேற ஊர், தையில் இன்னொரு ஊர். மூணுக்கும் ஒரே பஸ் டிக்கெட்தான்!

மயிலாடுதுறையிலிருந்து கிழக்கே 25 கிலோமீட்டர் போனா ரோடு முடியும், காவிரியும் முடியும். குடகு மலையில் தலைக்காவிரியில் கிளம்பி 800 கிலோமீட்டர் ஓடிவந்த ஆறு, கடலைத் தொடுற இடம் இது. அதனாலதான் இந்த ஊருக்கு ரெண்டு மழைக்காலம். ஒண்ணு, ஜூன் முதல் செப்டம்பர் வரை குடகில் பெய்யும் தென்மேற்குப் பருவமழை. அது இங்கே மேகமா வராது, ஆறா வரும். இன்னொண்ணு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை நேரா தலைமேல கொட்டும் வடகிழக்குப் பருவமழை. முதல் மழைக்குக் குடை தேவையில்லை. ரெண்டாவது மழைக்குக் குடை தாங்காது!

ஆடி: காத்தும் தண்ணியும்

மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறக்கறது வழக்கம். ஆனா, அணையில் தண்ணி இருந்தால்தான் வழக்கம். 2022-ல் மே 24-லயே திறந்தாங்க. 2024-ல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியதாப் போச்சு. திறந்த தண்ணி கல்லணை வந்து, ஊர் ஊரா வாய்க்காலில் பிரிஞ்சு, மிச்சம்தான் பூம்புகாருக்குப் பக்கத்து மேலையூர் கதவணைக்கு வரும்.

திருச்சியில் அகண்ட காவிரியைப் பார்த்தவங்க இங்கே வந்து, 'இதுவா காவிரி?'னு உதட்டைப் பிதுக்குவாங்க. வெள்ளம் வந்தா முக்கொம்பிலேயே பெரும்பகுதி கொள்ளிடத்துக்குத் திரும்பிடும். கல்லணையில் வெண்ணாறும் கல்லணைக் கால்வாயும் பங்கு வாங்கிக்கும். அப்புறம் குறுவை வயல்கள். இவ்வளவு பேருக்குக் கொடுத்துட்டு வர்ற ஆறு, கடைசியில் ஒல்லியாத்தானே இருக்கும் பாஸ்?

ஆகஸ்ட் 2 அல்லது 3-ல் வர்ற ஆடிப்பெருக்கு அன்னிக்கு சங்கமத்தில் கூட்டம் அலைமோதும். காதோலை கருகமணி, காப்பரிசி, பழம், பூ எல்லாம் வெச்சு ஆத்துக்குப் படையல். புதுசாக் கல்யாணமானவங்க பத்திரமா வெச்சிருந்த மணமாலையைத் தண்ணியில் விடுவாங்க. குட்டிப் பசங்க தெருவில் சப்பரம் இழுப்பாங்க. தண்ணி வராத வருஷங்களில் காவிரிக் கரையில் மோட்டார் பம்ப் வெச்சு பதினெட்டாம் பெருக்கு கொண்டாடின கதையும் டெல்டாவில் உண்டு.

வெயில்? அதுவும் உண்டு! இந்த மாசங்களில் மேற்கேயிருந்து வர்ற வறண்ட காத்து கடல்காத்தைக் கரையிலேயே தடுத்து நிறுத்தும். மத்தியானத்துக்கு மேலதான் கடல்காத்து ஜெயிக்கும். அதனால பீச்சுக்கு சாயங்காலம் போங்க. மண்ணு கண்ணில் விழும், தயாரா இருங்க.

ஐப்பசி, கார்த்திகை: டூருக்கு லீவு விடுங்க

வருஷ மழையில் பெரும்பகுதி இந்த மூணு மாசத்தில்தான் கொட்டித் தீர்க்கும். 2022 நவம்பர் 11-ஐ இந்தப் பக்கத்துக்காரங்க மறக்கவே மாட்டாங்க. பக்கத்து ஊரான சீர்காழியில் 24 மணி நேரத்தில் 44 சென்டிமீட்டர்! எப்பப் பார்த்தாலும் மழைன்னு புலம்புற லண்டனுக்கு வருஷம் முழுக்கக் கிடைக்கறதே 60 சென்டிமீட்டர்தான். சம்பா வயல்கள் ஏரியா மாறிப்போன நாள் அது.

மழை விட்ட ரெண்டு நாளில் போனா, சுத்திலும் பச்சைன்னா பச்சை, அப்படியொரு பச்சை. ஆனா, வானிலை மையம் ஆரஞ்சு, ரெட் அலர்ட் கொடுத்திருந்தா கிளம்பவே கிளம்பாதீங்க. 'மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம்'னு அறிவிப்பு வந்தா, அது நமக்கும் சேர்த்துத்தான்.

மழை இல்லாத நாளிலும் கடல் சாதுன்னு அர்த்தமில்லை. 2004 டிசம்பர் 26 காலையில் புயலும் இல்லை, மழையும் இல்லை. சுனாமி வந்தது. பூம்புகார் அப்போ இருந்த நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போயிட்டாங்க. வருஷா வருஷம் அந்த நாளில் இந்தக் கரையின் மீனவ கிராமங்கள் அஞ்சலி செலுத்துது. அன்னிக்குப் போனீங்கன்னா பாட்டு, ஆட்டம், செல்ஃபி எல்லாத்தையும் மூட்டை கட்டிடுங்க.

தை, மாசி: இதுதான் சீசன்!

ஜனவரியில் பகலில் 28, 29 டிகிரி, ராத்திரியில் 22, 23. ஸ்வெட்டர் தேவையில்லை, வியர்வையும் இல்லை. ரோட்டோரம் அறுவடைக்கு நிற்கிற சம்பா. அறுப்பு முடிஞ்ச வயலில் உளுந்தும் பயறும் தலைகாட்டும். ஊர் சுத்தறதுக்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது.

கீழையூரில் தொல்லியல் துறை 1960-களில் தோண்டி எடுத்த செங்கல் படகுத்துறை, பல்லவனீச்சரத்தில் புத்த விகாரையின் மிச்சம், 1973-ல் கட்டின ஏழுநிலை சிலப்பதிகாரக் கலைக்கூடம், பக்கத்தில் திருவெண்காடு கோயில், தெற்கே போனா 1620-ல் கட்டிய தரங்கம்பாடி டேனிஷ் கோட்டை. ஒரே நாளில் முடிச்சிடலாம். காணும் பொங்கல் அன்னிக்கு மட்டும் வேண்டாம். கடலைவிடக் கூட்டம்தான் பெருசாத் தெரியும்.

சித்திரை, வைகாசி: நிலா மட்டும் போதும்

அக்னி நட்சத்திர வெயிலில் 37 டிகிரி, கூடவே கடற்கரைப் புழுக்கம். போதாக்குறைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மீன் வறுவல் கனவோட போனா பர்ஸ் கருகும்.

ஆனா, சித்ரா பௌர்ணமி சாயங்காலம் விதிவிலக்கு. சூரியன் வயல் பக்கம் இறங்க, நிலா கடல் பக்கம் ஏறும். இந்திர விழா நடந்த ஊர் இது. கோவலனும் மாதவியும் ஊடல் கொண்டது இந்தக் கரையில்தான். ராஜா இந்திர விழாவை மறந்ததால் ஊரைக் கடல் கொண்டதுன்னு மணிமேகலை சொல்லுது.

இன்னிக்கும் கடல் கரையை அரிச்சுக்கிட்டேதான் இருக்கு. அலையைத் தடுக்கக் கருங்கல்லைக் கொட்டி வெச்சிருக்காங்க. ஆத்துல தண்ணி ஓடாத வருஷம், உப்புத்தண்ணி நிலத்தடியில் உள்ளே ஏறுது. அடிபம்பில் தண்ணி கரிக்குது, கடைமடை வயல் காயுது. நமக்கு 'எப்போ சீசன்?' என்பது டூர் பிளான். இந்த ஊருக்கு அது ஒரு வருஷச் சோறு. எந்த மாசம் போனாலும் மேலையூர் கதவணைகிட்ட வண்டியை நிறுத்தி, தண்ணி ஓடுதான்னு ஒரு நிமிஷம் பார்த்துட்டுப் போங்க. அந்த வருஷம் ஊர் எப்படி இருக்குன்னு அதுவே சொல்லிடும்.

கிளம்பும் முன்...

* சங்கமத்தில் குளிக்கறதா இருந்தா, ஊர்க்காரங்க இறங்கற இடத்தில், முழங்கால் அளவுக்கு மட்டும். ஆத்து ஓட்டமும் அலையும் முட்டுற இடத்தில் நீச்சல் தெரிஞ்சவங்களே தடுமாறுவாங்க.
* கருங்கல் மேல ஏறி போட்டோ வேண்டாம். பாசி வழுக்கும்.
* ஆடி அமாவாசை, தை அமாவாசையில் திதி கொடுக்க வர்ற கூட்டம் அதிகம். அவங்களுக்கு இடம் விடுங்க.
* கலைக்கூடம் திறந்திருக்கான்னு முன்னாடியே விசாரிச்சுக்குங்க.
* கோடையில் தொப்பி, தண்ணி பாட்டில். மழையில் செருப்பு போதும், ஷூ வேண்டாம்.