அதபாஸ்கா கரையின் கறுப்பு மணல்

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், எட்மன்டனிலிருந்து வடக்கே நானூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் போனால் ஃபோர்ட் மக்மரி. கோடை மதியத்தில் அங்கே ஆற்றங்கரைக்குப் போனபோது தார் வாசனை மூக்கில் ஏறியது. பக்கத்தில் எங்கும் சாலை போடவில்லை. கரையே தார்தான்! அதபாஸ்கா ஆறு அறுத்துவிட்ட செங்குத்துக் கரையில் வெயில் பட்ட இடமெல்லாம் கறுப்பு மணல் இளகி வழிந்துகொண்டிருந்தது.

இந்த மண்ணுக்குரிய கிரீ, டெனே மக்கள் அதை ஸ்ப்ரூஸ் மரப் பிசினோடு கலந்து, நீர் புகாதபடி படகுகளின் இணைப்புகளில் பூசினார்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இப்பக்கம் வந்த அலெக்ஸாண்டர் மெக்கன்சி, 1801இல் வெளியான தம் பயண நூலில், இருபதடிக் கழியைத் தடையின்றிச் செருகக்கூடிய தார் ஊற்றுகளைப் பற்றி எழுதியிருக்கிறார்.

நல்ல மணலில் எடைக்கு 10 முதல் 12 சதவீதம் பிட்டுமென் என்னும் இந்தத் தார் இருக்கும். வெந்நீரில் கலக்கினால் அது மணலை விட்டுப் பிரிந்து நுரையாக மேலே வரும். 1920களில் வேதியியலாளர் கார்ல் கிளார்க் வளர்த்தெடுத்த முறை இது. ஆனால் அந்த நுரை முழுக்க எண்ணெய் என்று நினைத்துவிடக் கூடாது. ஏறத்தாழ 60 பங்கு பிட்டுமென், 30 பங்கு நீர், 10 பங்கு களிமண்ணும் மணலும். பிட்டுமென் தேனைவிடக் கெட்டி, எடையிலும் கிட்டத்தட்ட நீருக்குச் சமம். அதனால் நுண்ணிய நீர்த்துளிகள் அதற்குள் சிக்கிக்கொண்டு அடியில் இறங்க வழியின்றி நிற்கின்றன.

அவற்றை இறக்கும் வித்தையைத்தான் எட்மன்டன் ஆய்வுக்கூடம் ஒன்றில் பார்த்தேன். பிட்டுமெனைக் கொஞ்சம் டொலுவீன் என்ற கரைப்பானில் கரைத்து வைத்திருந்தார்கள். அதில் ஹெப்டேனைச் சிறிது சிறிதாகச் சேர்த்தார் ஆய்வாளர். முதலில் ஒன்றுமே நடக்கவில்லை. இன்னும் சேர்த்தார், அப்போதும் இல்லை. ஓர் அளவைத் தாண்டியதும், நுண்ணோக்கியில் வைத்த துளிக்குள் கறுப்புப் புள்ளிகள் முளைத்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை ஒன்றையொன்று பற்றிச் சடைசடையாகத் திரண்டன. வடிகட்டி உலர்த்தினால் பளபளக்கும் கறுப்புப் பொடி. அதுதான் அஸ்ஃபால்டீன், 1837இல் பூசிங்கோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர் வைத்த பெயர்.

பால் திரிவதைப் போலத்தான் தெரிந்தது. ஆனால் திரிந்த பால் மீளாது. இந்தப் பொடியில் டொலுவீனை ஊற்றியதும் மறுபடி கரைந்து போனது! இங்கே வேதிவினை எதுவும் நடக்கவில்லை. அஸ்ஃபால்டீன் மூலக்கூறுகளில் பல வளையங்கள் ஒட்டிய தட்டைத் தகடுகள் உண்டு. கந்தகம், நிக்கல், வனேடியம் எல்லாம் அவற்றோடு சேர்ந்திருக்கும். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொள்ளவே விரும்பும். எண்ணெயிலுள்ள பிசின்களும் வளையச் சேர்மங்களும் சூழ்ந்து நின்று அவற்றைப் பிரித்து மிதக்க வைக்கின்றன. நேர்ச்சங்கிலி ஹெப்டேனுக்கு அந்தப் பிடிமானம் இல்லை. அது பெருகப் பெருக, தகடுகள் திரண்டு வீழ்ந்துவிடுகின்றன. ஹெப்டேனுக்குப் பதில் பென்டேன் ஊற்றினால் இன்னும் அதிகம் வீழும். ஆகவே அஸ்ஃபால்டீன் என்பது ஒரே பொருளின் பெயரே அல்ல; எந்தக் கரைப்பானில் கரையாமல் நின்றது என்பதே அதன் இலக்கணம். என்னை மிகவும் கவர்ந்தது இதுதான்.

ஃபோர்ட் மக்மரிக்கு வடக்கே சுமார் 75 கிலோமீட்டரில் உள்ள மஸ்கெக் ரிவர் சுரங்கம், 2003 முதல் இந்தத் திரட்டலைப் பெரிய அளவில் செய்கிறது. நுரையில் பென்டேன் வகைக் கரைப்பான் சேர்ந்ததும் அஸ்ஃபால்டீனில் ஒரு பகுதி திரண்டு, சிக்கியிருந்த நீர்த்துளிகளையும் களிமண்ணையும் வாரிக்கொண்டு இறங்குகிறது. மேலே நிற்பது குழாயில் அனுப்பும் அளவுக்குத் தூய்மையான பிட்டுமென். தொல்லை தருவதையே துடைப்பமாக்கிய யோசனையை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

தொல்லை என்றேனே, அதற்கு அல்ஜீரியாவின் ஹாசி மெசாவூத் சாட்சி. அங்குள்ள எண்ணெயில் அஸ்ஃபால்டீன் அரை சதவீதம்கூட இல்லை. ஆனாலும் அது கிணறுகளை அடைத்துவிடும். வெனிசுவேலாவின் போஸ்கான் எண்ணெயில் 17 சதவீதம் அளவுக்கு இருந்தும் அத்தகைய தொல்லை இல்லை. மெல்லிய எண்ணெய், அழுத்தம் குறையும்போது தனக்குள்ளேயே ஒரு மோசமான கரைப்பானாகிவிடுகிறது. கெட்டி எண்ணெயிலோ தாங்கிப் பிடிக்கும் சேர்மங்கள் ஏராளம்.

சுரங்கத்தில் வீழ்ந்த அஸ்ஃபால்டீன் கழிவுக் குளத்துக்குப் போகிறது. மீட்க முடியாத கரைப்பானும் கொஞ்சம் கூடவே போகிறது. அதை நுண்ணுயிர்கள் சிதைத்து மீத்தேன் ஆக்குகின்றன. அங்கே பறவைகள் இறங்காதிருக்க வெடியோசை எழுப்புகிறார்கள். இத்தனை நுட்பமாகப் பிரித்தெடுத்த பொருளைக் குளத்தில் கொட்டுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. அஸ்ஃபால்டீனை உருக்கி நூற்று, கார்பன் இழையாக்கும் ஆய்வுகள் ஆல்பர்ட்டாவில் நடந்து வருகின்றன. அடுத்த முறை போகும்போது நான் பார்க்க விரும்புவது அந்த இழையைத்தான்.