கடைசி வரிசை

குடும்பத்துக்கு ஏற்ற மோட்டார் வண்டி எது என்று திருப்பூரில் யாரிடமும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் லேசில் விடமாட்டார்கள்! பனியன் கம்பெனி முதலாளி முதல் பாத்திரக் கடைக்காரர் வரையில் எல்லோருக்கும் இதில் திடமான அபிப்பிராயம் உண்டு. வண்டி உயரமாக இருக்கவேண்டும். ஏழு பேர் தாராளமாக உட்காரவேண்டும். பழனிக்குப் போனாலும் சரி, நூல் மூட்டை ஏற்றினாலும் சரி, முகம் சுளிக்கக் கூடாது. இந்த லட்சணங்கள் பொருந்திய வண்டிக்கு எஸ்.யு.வி. என்று பெயர்.

பௌதிகம் போதிக்கும் உபாத்தியாயனாகிய எனக்குச் சொந்தமாக இருப்பது இரண்டு சக்கர வாகனம்தான். ஆனால் சிறியதொரு நிட்டிங் தொழிற்சாலை நடத்தும் என் தமையனார், இருபது வருஷங்களில் மூன்று பெரிய வண்டிகளைப் பார்த்துவிட்டார். மூன்றிலும் என் ஸ்தானம் மட்டும் மாறவேயில்லை. தம்பிக்கும் குழந்தைகளுக்கும் பலகாரக் கூடைக்கும் உரிய இடம் கடைசி வரிசை அல்லவா? ஆகவே எஸ்.யு.வி.யின் சரித்திரத்தைப் பின்புறமிருந்து படித்தவன் என்ற தகுதி எனக்கு உண்டு.

அந்தச் சரித்திரம் நம் தேசத்தில் ஜீப்பிலிருந்து தொடங்குகிறது. 1947-ல் மஹிந்திரா ஸ்தாபனத்தார் அமெரிக்க வில்லீஸ் ஜீப்பை இங்கே பூட்டி விற்க ஆரம்பித்தார்கள். ஜீப் யுத்தத்துக்காகப் பிறந்த வண்டி. அதில் குழந்தை எங்கே உட்காரும் என்று யாரும் யோசித்திருக்க நியாயமில்லை. பின்னால் இரண்டு பக்கமும் பலகை போன்ற இருக்கைகள். ஒருவர் முழங்காலை ஒருவர் இடித்துக்கொண்டு பிரயாணம் செய்யவேண்டியதுதான்.

2002-ம் வருஷம் ஜூன் மாதத்தில் அதே ஸ்தாபனத்தார் ஸ்கார்ப்பியோவை வெளியிட்டார்கள். அந்நிய வண்டியைப் பூட்டித் தந்தவர்கள், தாங்களே உருவம் வகுத்துத் தங்கள் சொந்த வண்டியைச் செய்துவிட்டார்கள்! அதில் நாமெல்லோரும் பெருமைப்பட்டது வாஸ்தவம். ஆனால் அதன் சில ரகங்களில் பின்கதவைத் திறந்தால், ஜீப்பின் எதிரெதிர் இருக்கைகள் அப்படியே காட்சியளித்தன. வண்டியின் முன்பாகம் இருபத்தோராம் நூற்றாண்டுக்கு வந்துவிட்டது. பின்பாகம் யுத்த காலத்திலேயே தங்கிவிட்டது.

2011-ல் வந்த எக்ஸ்.யு.வி. 500 இதை மாற்றிற்று. கடைசி வரிசை முன்னோக்கித் திரும்பியது. அதைவிடப் பெரிய மாறுதல் கண்ணுக்குத் தெரியாதது. முன்னெல்லாம் இரும்புச் சட்டம் ஒன்றைச் செய்து, அதன்மேல் உடலைத் தூக்கி வைத்துப் பூட்டுவார்கள். மாட்டு வண்டி செய்யும் முறைதான். புது வண்டியில் சட்டமும் உடலும் ஒன்றே. வெட்டித் தைத்த துணிக்கும், வட்டமாகப் பின்னி வந்த துணிக்கும் உள்ள வித்தியாசம் என்று எங்கள் ஊர்க்காரருக்குச் சொன்னால் விளங்கும். ஓரிடத்தில் விழும் இழுப்பு முழுவதிலும் பரவிவிடுகிறது.

அழகையும் ஆற்றலையும் பார்த்துக்கொண்டிருந்த நமக்கு 2016 மே மாதத்தில் ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. குளோபல் என்காப் என்னும் சர்வதேச ஸ்தாபனம், காற்றுப்பை இல்லாத ஸ்கார்ப்பியோ ரகம் ஒன்றை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுப் பரீட்சித்தது. பெரியவர்களின் பாதுகாப்புக்குக் கிடைத்த நட்சத்திரம் பூஜ்யம்! உயரமும் கனமும் இருந்தால் ஆபத்து அணுகாது என்ற நம் நம்பிக்கையும் அன்றே நொறுங்கியிருக்க வேண்டும்.

ஆனால் அந்த அவமானம் வீண்போகவில்லை. 2021-ல் எக்ஸ்.யு.வி. 700 பெரியவர்களுக்கு ஐந்து, குழந்தைகளுக்கு நான்கு நட்சத்திரங்கள் பெற்றது. 2022-ல் ஸ்கார்ப்பியோ-என் பெரியவர்களுக்கு ஐந்தும் குழந்தைகளுக்கு மூன்றும் வாங்கிற்று. 2023-ல் டாட்டா ஸபாரி இரண்டிலும் ஐந்து பெற்றது. ஐந்தே வருஷங்களில் பூஜ்யத்திலிருந்து ஐந்துக்கு ஏறிய மாணாக்கனை எந்த உபாத்தியாயன்தான் பாராட்டமாட்டான்?

எனினும் விடைத்தாளைச் சற்று ஊன்றிப் பார்க்கவேண்டும். அந்தப் பரீட்சையில் பெரியவர்களாக நடிக்கும் பொம்மைகள் முன் இருக்கைகளில் உட்காருகின்றன. குழந்தைப் பொம்மைகள் இரண்டாம் வரிசையில், அதற்கென்றே செய்த சிறப்பு ஆசனத்தில் கட்டி வைக்கப்படுகின்றன. கடைசி வரிசையில் பொம்மை கிடையாது. தாயார் மடியிலும் பொம்மை கிடையாது. நம் குடும்பங்களிலோ, குழந்தைகள் இருக்கும் இடங்கள் இவை இரண்டுமே!

சென்ற தை மாதத்தில் பழனிப் பிரயாணத்துக்கு எட்டுப் பேர் கிளம்பினோம். வண்டியில் இருக்கைகளும் பெல்ட்டுகளும் ஏழு. “சின்னவனை மடியில் வைத்துக்கொள்கிறேன், என்ன வந்துவிடப் போகிறது?” என்றார் அண்ணி.

“அண்ணி, அவன் எடை பத்து கிலோ. அறுபத்து நாலு வேகத்தில் போகும் வண்டி பத்தில் ஒரு விநாடியில் நின்றுவிட்டால், அவனைப் பிடித்து நிறுத்த நூற்றெண்பது கிலோவைத் தாங்கும் பலம் வேண்டும். மூன்று நூல் மூட்டை! உங்கள் கை தாங்குமா?” என்று கேட்டேன்.

அண்ணியிடமிருந்து பதில் வரவில்லை. “தம்பி சொல்லுகிறது கணக்கு. கணக்கோடு சண்டை போடமுடியாது” என்றார் தமையனார். பனியன் தொழிலில் முப்பது வருஷம் இருந்தவர் அல்லவா?

பேரனுக்குக் குழந்தை ஆசனம் வந்தது. அது இரண்டாம் வரிசையில் ஜம்மென்று அமர்ந்தது. ஆள் அதிகமானதால் நான் தாராபுரம் வழியாகப் பஸ்ஸில் போனேன். கடைசி வரிசையிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் பதவி உயர்வு இதுதான்! பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ தக்க ஆசனமோ இன்றி ஏற்றிச் சென்றால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்று 2019-ம் வருஷத்துத் திருத்தச் சட்டம் சொல்லுகிறது. அந்த ஆயிரத்துக்குப் பயந்தல்ல, அந்த மூன்று மூட்டைக்குப் பயந்தே நாங்கள் இதைச் செய்தோம்.

செங்கற்பட்டுக்கு அருகிலுள்ள மஹிந்திரா ஆராய்ச்சிக் கூடத்தில் நம் இளைஞர்கள் இன்னும் சிறந்த வண்டிகளை உருவாக்குவார்கள், சந்தேகமில்லை. ஆனால் எதைக் கேட்டு வாங்குகிறோமோ, அதையே செய்து தருவார்கள். கடைக்குப் போனதும் நாம் தேடி ஓடுவது பெரிய திரையையும், மேற்கூரையில் திறக்கும் ஜன்னலையும். அடுத்த முறை போகிறவர்கள், முதலில் கடைசி வரிசையில் ஏறி உட்கார்ந்து பாருங்கள். முழங்கால் எங்கே போகிறது, தலைக்குப் பின்னால் தாங்கல் இருக்கிறதா, தோளிலும் இடுப்பிலுமாகப் பூட்டும் பெல்ட் இருக்கிறதா என்று கவனியுங்கள். பிறகு, வீட்டில் அங்கே உட்காரப்போகிறவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். விலை பேசுவதெல்லாம் அதற்குப் பின்னால் இருக்கட்டும்.