எதிரே வருபவருக்கும் கண் உண்டே!

“குழம்பு, கூட்டு என்று எழுதுவாள் என்று பார்த்தால், கார் விளக்கைப் பற்றி எழுத வந்துவிட்டாளே!” என்று நீங்கள் சிரிக்கலாம். போன கார்த்திகை வரைக்கும் எனக்கும் அது ஆண்கள் சமாசாரம்தான். ஒரே ஒரு ராத்திரி என் எண்ணத்தை மாற்றிவிட்டது.

எங்கள் வீட்டில் மாமனார் ஆசை ஆசையாய் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்று இருக்கிறது. 1961-ல் சென்னையில் தயாராகத் தொடங்கிய வண்டி. இங்கிலாந்தின் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காருக்கு இது அக்கா முறை. இதன் அடிச்சட்டத்தை வைத்துத்தான் அதைச் செய்தார்கள். இரண்டிலுமே பானெட்டைத் தூக்கினால் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முதலை வாய் மாதிரி திறக்கும். அந்த அழகேதான் எங்களுக்கு வினையாயிற்று.

பட்டறையில் ஏதோ வேலைக்காகப் பானெட்டையே கழற்றி மாட்டினார்கள். வண்டி ஜோராக ஓடியது. விளக்கின் பார்வை மாறியிருப்பதை அவர்களும் கவனிக்கவில்லை, நாங்களும் கவனிக்கவில்லை.

நாலு நாள் கழித்து, சுவாமிமலையிலிருந்து கும்பகோணத்துக்கு நான்தான் ஓட்டி வந்தேன். இருட்டின சாலை. எதிரே ஒரு ஸ்கூட்டர். என்னை நெருங்கியதும் தடுமாறி, சாலையை விட்டு மண்ணில் இறங்கிச் சாய்ந்தது. பதறிப்போய் ஓடினேன். பின்னால் உட்கார்ந்திருந்த பெண்ணின் மடியில் ஆறு மாதக் குழந்தை! நல்லவேளை, யாருக்கும் அடியில்லை.

“ஏம்மா, டிம் பண்ணக் கூடாதா? கண்ணே தெரியலியே!” என்றார் அந்த மனிதர்.

“டிம்லதான் சார் வந்தேன்” என்றேன். அவர் நம்பவில்லை. திரும்பி என் வண்டியைப் பார்த்தேன். வலது விளக்கு நேராக என் முகத்தில் அடித்தது. அவர் சொன்னதில் என்ன தப்பு? உள்ளே உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியாதது எதிரே வந்த அவருக்குத்தானே தெரிந்தது!

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்தக் குழந்தையின் அழுகை காதிலேயே இருந்தது. “நாளைக்குப் பட்டறைக்கு அனுப்பலாம்” என்றார் இவர். “அதுக்கு முன்னாடி நாமே ஒரு தடவை பார்த்துடலாம்” என்றேன்.

மறுநாள் சாயங்காலம் தெருக்கோடிக் கல்யாண மண்டபத்தின் சிமெண்டு முற்றம் கிடைத்தது. தரை சமமாக இருப்பதுதான் முக்கியம். டயர்களில் காற்றைச் சரிபார்த்து, பானெட்டின் இருபக்கக் கொக்கிகளையும் இறுக்கி மாட்டினேன். ஓட்டுபவர் எடையும் வேண்டுமே! “அத்தை, நீங்க உட்காருங்களேன்” என்றேன். “எழுபது வயசில எனக்கு டிரைவர் உத்தியோகமா?” என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். சுவிட்சுக்கும் அவரே பொறுப்பு!

வண்டியைச் சுவரை ஒட்டி நேராக நிறுத்தி, ஒவ்வொரு விளக்கின் நடுமையத்துக்கும் நேரே சுவரில் சாக்குக்கட்டியால் கூட்டல் குறி போட்டேன். அந்தக் குறிகளுக்கு 3 அங்குலம் கீழே படுக்கையாக ஒரு கோடு. பிறகு தரையில் கோலமாவால் நேர்கோடு இழுத்து, டேப்பால் அளந்து, வண்டியை 25 அடி பின்னுக்கு எடுத்தோம்.

இருட்டியதும் டிம் போடச் சொல்லி, ஒரு விளக்கைத் துண்டால் மறைத்தோம். எங்கள் வண்டியில் இப்போது ஹாலஜன் விளக்கு. அதன் டிம் வெளிச்சத்துக்கு மேல் விளிம்பு ஒன்று தெளிவாகத் தெரியும். நம் நாட்டில் இடப்பக்கம் போகிறோம் அல்லவா? அதனால் அந்த விளிம்பு வலப்பக்கம் மட்டமாகவும், இடப்பக்கம் சற்று மேலேறியும் இருக்கும். சாலையோரம் நடப்பவர் நமக்குத் தெரிய வேண்டும், எதிரே வருபவர் கண் கூசக் கூடாது. அதற்குத்தான் இந்த ஏற்பாடு.

இடது விளக்கு கோட்டிலேயே நின்றது. வலது விளக்கோ கோட்டுக்கு ஒரு சாண் மேலே!

விளக்கைச் சுற்றியுள்ள வளையத்தைக் கழற்றினால் இரண்டு திருகுகள். மேலே இருப்பது ஒளியை ஏற்றி இறக்கும். பக்கத்தில் இருப்பது இடவலமாக நகர்த்தும். துரு பிடித்திருந்ததால் தையல் மிஷின் எண்ணெய் நாலு சொட்டு விட்டேன். அரை அரைச் சுற்றாகத் திருப்ப, வெளிச்சம் சுவரில் மெல்ல இறங்கிக் கோட்டில் வந்து உட்கார்ந்தது. விளிம்பு மேலேறத் தொடங்கும் முனையையும் கூட்டல் குறிக்கு நேர் கீழே கொண்டுவந்தேன். டிம் சரியானதும் பிரைட்டும் தானே சரியாகிவிட்டது, இரண்டும் ஒரே பல்பில் இருப்பதால்.

ஒரு எச்சரிக்கை: எரிந்த விளக்கு நன்றாகச் சுடும். ஹாலஜன் பல்பின் கண்ணாடியை வெறும் விரலால் தொடவும் கூடாது.

எல்லாம் முடிந்ததும், ஸ்கூட்டரில் வருபவர் கண் உயரத்துக்குக் குனிந்து எதிரே நின்று பார்த்தேன். கூசவில்லை. பிறகு பட்டறையில் கருவி வைத்தும் பார்த்துவிட்டோம், திருப்தி.

முன்பெல்லாம் எதிர் வண்டி வெளிச்சம் கண்ணில் அடித்தால் மனசுக்குள் திட்டுவேன். இப்போது வேகத்தைக் குறைத்து, சாலையின் இடது ஓரத்தைப் பார்த்தபடி ஓட்டுகிறேன். அவர்களுக்கும் தெரியாமலே இருக்கலாம், எனக்கு இருந்த மாதிரி.

இன்று ராத்திரி உங்கள் வீட்டு வண்டிக்கு எதிரே ஒரு நிமிஷம் நின்று பாருங்களேன். எதிரே வருபவள் மடியிலும் ஒரு குழந்தை இருக்கும்.