கமண்டல நதிக்கரையில் ஒரு யாமம்

வேலூரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், கமண்டல நாகநதியின் கரையில் அமைந்துள்ளது ஆரணி. திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூரைப் பட்டுச்சேலைக்காக அறிந்தவரே மிகுதி. அதன் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. ஆரணிப் பட்டு காஞ்சிப் பட்டைவிடச் சற்று இலேசானது என்பர். முகூர்த்த நாள் முழுவதும் உடுத்தியிருந்தாலும் தோளை அழுத்தாது என்று வயதான மாதர் அதை விரும்பி வாங்குவதுண்டு.

பகலில் இவ்வூரைக் காண்பவர்க்குக் கடைவீதியும் பேருந்து நிலையமுமே நினைவில் நிற்கும். நெசவாளர் தெருக்களை அறிய வேண்டுமாயின் நள்ளிரவுக்குப் பின்னரோ விடியலுக்கு முன்னரோ அங்கு நிற்க வேண்டும். பகலெல்லாம் திண்ணையைக் கடந்து ஒலிக்கும் தறியோசை அப்பொழுது அடங்கியிருக்கும். நாடா ஓய்ந்து கிடக்கும். ஆயினும் வரிசையாக உள்ள வீடுகளில் ஏதேனும் ஒன்றிரண்டில் விளக்கெரியும். இரவு இரண்டு மணிக்கு எரியும் அவ்விளக்குகளுள் எல்லாமே கல்விக்காகவோ நோயாளிக்காகவோ ஏற்றப்பட்டவை அல்ல. நாற்பத்தைந்தைக் கடந்த ஒருவர், பத்து மணிக்குப் படுத்து நன்கு உறங்கி, காரணமின்றி விழித்து, மீண்டும் உறக்கம் வாராமல் சுவரில் சாய்ந்து அமர்ந்திருப்பார்.

நெசவாளருக்கு மட்டும் உரிய துன்பமன்று இது. நடுவயதைத் தாண்டிய வீடுகள் எல்லாவற்றிலும் இது உண்டு. எனினும் ஆரணியில் இதற்குச் சில தனிக் காரணங்கள் சேர்கின்றன. குழித்தறியில் கால்களைக் குழிக்குள் இறக்கி, முன்னால் குனிந்து, மிதிக்கட்டையை மாற்றி மாற்றி மிதித்து ஆண்டுக்கணக்காக உழைத்த உடம்பு, இரவில் புரண்டு படுக்கும்போது இடுப்பிலும் முழங்காலிலும் கணக்குக் கேட்கிறது. ஆயிரக்கணக்கான பாவு இழைகளுள் அறுந்த ஒன்றைக் கண்டுபிடித்துப் பிணைக்கும் கண்கள் நாற்பதுக்குமேல் மங்குகின்றன. கூலிக்கு நெய்பவர் முதலாளியிடம் பெற்ற முன்பணம், பட்டுநூலின் விலையேற்றம், விசைத்தறியின் போட்டி ஆகியன பகலில் தறியோசையில் மறைந்திருந்து, ஊர் அடங்கியபின் தலைமாட்டில் வந்து அமர்கின்றன. சில சேலை இரகங்களைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985-ஆம் ஆண்டில் நடுவண் அரசு சட்டம் இயற்றியது. சட்டம் இருப்பது நெசவாளருக்குத் தெரியும். மகன் தறியில் அமரப் போவதில்லை என்பதும் தெரியும். இரண்டு மணிக்கு மனம் இரண்டாவதைப் பற்றித்தான் எண்ணுகிறது.

ஆரணியின் பழைமை பெரிது. ஆரண்யம் என்னும் சொல்லே ஆரணி என மருவியதாகவும், ஆறு அணி செய்வதால் இப்பெயர் வந்ததாகவும் இருவகையாகச் சொல்வர். கர்நாடகப் போரின்போது 1751 டிசம்பரில் இராபர்ட் கிளைவின் படை இங்கு வென்றது. 1782-இல் ஹைதர் அலியின் படையும் ஆங்கிலேயர் படையும் இங்கு மோதின. பின்னர் இது மராட்டிய ஜாகீர்தார்களின் ஊராகத் தொடர்ந்தது. கோட்டை இன்று பெயரளவில் நிற்கிறது. போர்களைப் பற்றி இவ்வளவே போதும். பக்தர்களுக்கு ஆற்றங்கரையே முக்கியம்.

சவ்வாது மலையிலிருந்து வரும் இவ்வாறு செய்யாற்றோடு கலந்து பாலாற்றைச் சேர்கிறது. ஜமதக்னி முனிவரின் கமண்டலத்து நீரே ஆறாகப் பெருகியது என்பது தலபுராணம். முனிவரின் பத்தினியாகிய ரேணுகாதேவி கோயில் கொண்டுள்ள படவேடு இங்கிருந்து தொலைவில் இல்லை. ஆடி வெள்ளிக்கிழமைகளில் ஆரணி வழியாகப் படவேடு செல்வோர் திரள் திரளாக இருப்பர். பச்சை மணலால் குடம் வனைந்து நீர் முகந்து வந்த அன்னையின் மனம், நீரில் தெரிந்த கந்தர்வனின் நிழலால் ஒரு கணம் கலங்க, குடம் உடைந்தது என்பதை அறியாத பாட்டியர் இவ்வட்டாரத்தில் இல்லை. ஆண்டின் பெரும்பகுதி ஆற்றில் நீரைவிட மணலே மிகுதி. அம்மணலைக் காணும்போதெல்லாம் அக்குடம் அவர்களுக்கு நினைவுக்கு வருகிறது.

இந்நதிக்கரையில்தான் புத்திரகாமேட்டீஸ்வரர் திருக்கோயில் அமைந்துள்ளது. மகப்பேறின்றி வருந்திய தசரதர் இத்தலத்தில் வேள்வி செய்து இறைவனை வழிபட்டார் என்று தலவரலாறு கூறுகிறது. தசரதருக்கும் இங்குச் சன்னதி உண்டு. வான்மீகி அவ்வேள்வியைச் சரயு நதிக்கரையில் நிகழ்ந்ததாகவே சொல்கிறார். பக்தருக்கு இவ்விரண்டும் முரண்படுவதில்லை. மகப்பேறு வேண்டி வரும் இளந்தம்பதியர் ஒருபுறம் இருக்க, மகப்பேறு வாய்த்து, அம்மக்கள் வளர்ந்து வெளியூர் சென்றுவிட்ட நடுவயதினரும் இங்கு வந்து வணங்குகின்றனர். தசரதரின் முன்னால் நிற்க அவர்களுக்கும் காரணம் உண்டு.

வேள்வி செய்த தசரதரை எல்லாரும் நினைக்கின்றனர். நள்ளிரவில் விழித்த தசரதரை நினைப்பவர் சிலரே. வான்மீகி இராமாயணத்தின் அயோத்தியா காண்டத்தில் அப்பகுதி உள்ளது. இராமன் காட்டுக்குச் சென்ற ஆறாம் இரவு. கோசலையின் மாளிகையில் அரசர் சற்றே கண்ணயர்ந்து, சிறிது நேரத்திலேயே விழித்துக்கொள்கிறார். அப்பாதி இராத்திரியில் அவர் மனத்தில் எழுவது அன்றைய துயரம் மட்டுமன்று. நெடுங்காலத்துக்கு முன், கோசலையை மணப்பதற்கும் முன், இளவரசராக இருந்தபோது செய்த பிழை அது. கார்காலத்து இருளில் சரயுக் கரையில், குடத்தில் நீர் நிறையும் ஒலியை யானையின் ஒலி என்று கொண்டு, ஒலி வந்த திசையில் அம்பெய்தார். அம்பு பட்டது பார்வையற்ற பெற்றோருக்கு நீர் முகக்க வந்த முனிவர் மகன்மீது. புத்திர சோகத்தால் நீயும் மடிவாய் என்று அத்தந்தை சபித்தார். இத்தனை ஆண்டுகளும் அரசாண்டு, போரிட்டு, வேள்வி செய்து, மக்களைப் பெற்று வளர்த்த அரசர், அந்த இரவில்தான் அதைக் கோசலையிடம் முழுவதுமாகச் சொல்கிறார். சொல்லி முடித்து, இரவு கழியுமுன் உயிர் துறக்கிறார். துயரத்தால் அயர்ந்த தேவியர் உறங்கிப் போயினர். காலையில் திருப்பள்ளி எழுச்சி பாட வந்தவர்கள் பாடியும் அரசர் எழவில்லை.

நள்ளிரவு விழிப்பின் இயல்பை இதைவிடத் துல்லியமாகக் கூறிய இடம் அரிது. பகலில் முப்பது ஆண்டுகள் பேசாதிருந்த ஒன்று அந்நேரத்தில் பேசுகிறது. தந்தையின் கடைசி நாட்களில் சொல்லிய கடுஞ்சொல், தறிக்கு ஆள் வேண்டுமென்று பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட பிள்ளை, தம்பியோடு பாகம் பிரித்தபோது விட்டுக்கொடுக்காத ஒரு முழம் இடம். ஆரணியில் விளக்கெரியும் அறைகளில் இவையே உலவுகின்றன. தசரதர் அருகில் கேட்பதற்குக் கோசலையாவது இருந்தார். வீட்டில் உறங்குபவரை எழுப்பக் கூடாதென்று விழித்தவர் தனியே அமர்ந்திருப்பதே பெரும்பாலும் வழக்கம். மறுநாள் பகலில், தார் சுற்றும் மனைவியிடம் நேற்றிரவு வந்த நினைவைச் சொல்லலாமே என்ற எண்ணம் அவருக்கு வருவதில்லை. சொன்னால் பாதி இறங்கும்.

இரவைப் பகுத்தறிந்த மரபு நம்முடையது. தொல்காப்பியம் குறிஞ்சிக்கு யாமத்தை உரிய பொழுதாக வைத்தது. ஒரு நாளை ஆறு சிறுபொழுதுகளாகக் கொண்டால் இரவு பத்து முதல் இரண்டு வரை யாமம்; இரண்டு முதல் ஆறு வரை வைகறை. ஆகவே இரண்டு மணிக்கு விழிப்பவர் யாமத்துக்கும் வைகறைக்கும் இடையிலுள்ள வரப்பில் விழிக்கிறார். அந்நேரத்தில் எழுந்துவிட்டுப் பிரம்ம முகூர்த்தம் வந்துவிட்டது என்று குளிக்கச் செல்வோர் உண்டு. ஒரு முகூர்த்தம் 48 நிமிடம். சூரியோதயத்துக்கு இரண்டு முகூர்த்தம் முன்பாகத் தொடங்குவதே பிரம்ம முகூர்த்தம். ஆறு மணிக்கு உதயமானால் அது 4.24 மணிக்குத்தான் தொடங்கும். மேலும், ஆயுளைக் காக்க அந்நேரத்தில் எழுக என்று கூறும் அஷ்டாங்க ஹிருதயம் அதை ஆரோக்கியமுள்ளவருக்கே விதிக்கிறது. உறக்கம் போதாதவரை இரண்டு மணிக்குக் குளிர்ந்த நீரில் இறங்கச் சொல்லவில்லை. இரவின் இறுதிப் பகுதியும் வாழ்நாளின் இறுதிப் பகுதியும் வாதத்துக்கு உரியவை என்று அதே நூல் வகுக்கிறது. வயது ஏறியவர் பின்னிரவில் விழிப்பதைப் பழைய மருத்துவர்கள் கண்டு வியக்கவில்லை.

மேலை நாட்டிலும் இதை ஆராய்ந்துள்ளனர். மின்விளக்கு வருவதற்கு முன் ஐரோப்பியர் முதல் உறக்கம், இரண்டாம் உறக்கம் என்று இரவை இரண்டாகப் பகுத்து உறங்கினர் என அமெரிக்க வரலாற்றறிஞர் ரோஜர் எகிர்ச் 2005-இல் வெளியிட்ட நூலில் எழுதினார். அதற்கு முன்பே தாமஸ் வேர் என்னும் ஆய்வாளர், நாள்தோறும் 14 மணி நேரம் இருளில் சிலரை வைத்துப் பார்த்தபோது, அவர்களது உறக்கம் இரண்டாகப் பிரிந்து இடையில் அமைதியான விழிப்பு தோன்றியதாக 1992-இல் தெரிவித்தார். உலகில் எல்லாரும் அவ்வாறே உறங்கினர் என்று இதனால் முடிவு கட்ட இயலாது. விழித்தவுடன் ஏதோ கெட்டுவிட்டது என்று அஞ்ச வேண்டியதில்லை என்பது மட்டும் தெளிவு. அச்சமே பெரும்பாலும் மீந்த உறக்கத்தையும் விரட்டுகிறது.

சிவாலயங்களில் அர்த்தஜாம பூஜை முடிந்ததும் சுவாமி பள்ளியறைக்கு எழுந்தருள்வார். பால் நிவேதனம், தீபாராதனை, பின்னர் கதவடைப்பு. சிவராத்திரி போன்ற நாட்கள் தவிர, திருவனந்தல் வரையில் எவர் வந்தாலும் தரிசனம் இல்லை. அன்று பட்ட குறைகளைக் கேட்கவும் கதவு திறப்பதில்லை. வீட்டுக்கும் இந்த ஒழுங்கு பொருந்தும். கடன் கணக்குப் புத்தகத்தை மாலை விளக்கேற்றும் வேளைக்குள் பார்த்து, நாளை செய்ய வேண்டியதை எழுதி மூடிவிடுவோர்க்கு இரவில் அது அவ்வளவாகத் திறப்பதில்லை. விழித்ததும் கடிகாரத்தையோ கைபேசியையோ பார்க்காதிருப்பது நலம். இருபது நிமிடம்போலத் தோன்றும்வரை உறக்கம் வாராவிடில் படுக்கையை விட்டெழுந்து, பூஜையறையின் மங்கிய ஒளியில் அமர்ந்து நாமம் சொல்லி, கண் சொக்கும்போது திரும்பிப் படுக்கலாம். எண்ணிக்கை வைத்துச் செபிக்க வேண்டா. எண்ணத் தொடங்கினால் மனம் மீண்டும் கணக்கர் ஆகிவிடும். எவ்வளவு குறைவாக உறங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழ வேண்டும். மதியத்தில் தறியருகே நெடுநேரம் படுத்துறங்குவதும், மாலைக்குமேல் தேநீர் அருந்துவதும் இரவின் உறக்கத்தைக் கடன் வாங்குவதாகும். இம்முறைகளையே ஒழுங்குபடுத்திய பயிற்சியைத்தான், மாத்திரைக்கு முன் முதற்சிகிச்சையாகத் தர வேண்டுமென 2016-இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி பரிந்துரைத்தது.

நாமம் சொல்லித் தீராதவையும் உண்டு. இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுந்தால் சர்க்கரை நோயையோ, ஆண்களாயின் புராஸ்டேட் வீக்கத்தையோ சோதிக்க வேண்டும். உரத்த குறட்டைக்கிடையே மூச்சு நின்று திணறி விழிப்பவரை, அருகில் படுப்பவரே கவனித்து மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். மாதவிலக்கு நிற்கும் பருவத்துப் பெண்கள் உடம்பெல்லாம் கொதித்து வியர்த்து விழிப்பதை வீட்டார் கோபம் என்று எண்ணிவிடுகின்றனர். அது உடலின் மாற்றம். வாரத்தில் மூன்று இரவுகளாவது இவ்வாறு மூன்று மாதம் நீடித்தால் தாமதியாமல் மருத்துவரைக் காண்பதே முறை. பக்கத்து வீட்டார் கொடுத்த தூக்க மாத்திரையை விழுங்கி, இருளில் தடுமாறி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வது முதியோருக்கு நேரக்கூடிய ஆபத்து.

ஐந்து மணியளவில் ஆரணித் தெருக்கள் அசைகின்றன. வாசல் தெளிக்கும் ஓசை, கோயில் மணி, எங்கோ ஒரு வீட்டில் முதல் தறியின் தட்டு. வெயில் ஏறுவதற்கு முன் பாவைத் தெருவில் நீட்டிப் பிடிக்க வேண்டும் என்று அண்டை வீட்டாரை அழைக்கிறார்கள். இரவு இரண்டு மணிக்கு விளக்கேற்றி அமர்ந்திருந்தவர் மூன்றரைக்குமேல் சற்றுக் கண்ணயர்ந்து எழுந்து, முகத்தில் திருநீறு துலங்க வந்து ஒரு முனையைப் பிடிக்கிறார். மறுமுனையில் அவர் மனைவி. நடுவே அறுந்த இழை ஒன்றைக் கண்டு குனிந்தவர், அது கண்ணுக்குப் பிடிபடாமல், மூக்குக்கண்ணாடியை எடுத்துவரும்படி உள்ளே குரல் கொடுக்கிறார்.