பேரைச் சத்தமாகப் படிக்கணும்

சங்கராபுரம்,
18.8.2024

அன்பு மகள் கயலுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். நீ அனுப்பிய குரல் பதிவை இரண்டு தடவை கேட்டேன். ஓட்டு எண்ணிய ஜூன் 4 அன்று சிங்கப்பூர் ஆபீசில் வேலையே ஓடாமல் போனைத் தேய்த்துக்கொண்டிருந்தாயாம். பக்கத்து சீட்டுப் பெண், "நீதான் ஓட்டே போடலையே, உனக்கென்ன?" என்று கேட்டுவிட்டாளாம். அவள் கேட்டது நியாயம்தானா, எனக்குப் படபடக்க உரிமை இல்லையா என்று என்னிடம் கேட்கிறாய். இதற்கெல்லாம் போனில் பதில் சொல்ல எனக்கு வராது.

முதலில் என் மனக்குறையைச் சொல்லிவிடுகிறேன். ஓட்டுப்பதிவு நாளான ஏப்ரல் 19 வெள்ளிக்கிழமை. சனி ஞாயிறு சேர்த்தால் மூன்று நாள். தீபாவளிக்கு ஆறு மாதம் முன்னாலேயே டிக்கெட் போடுகிறவள் நீ. வெளிநாட்டில் இருப்பவர்களும் ஓட்டுப் போட 2011-லிருந்தே வழி இருக்கிறது. படிவம் 6ஏ கொடுத்துப் பெயரைச் சேர்த்து, இந்திய பாஸ்போர்ட்டோடு நேரில் வரவேண்டும். தபாலில் கிடையாது. சரி, போனது போகட்டும்.

ஓட்டு நெருங்கினால் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிடும். பிரசாரம் ஓய்ந்த சாயங்காலம், அத்தனை நாள் ஒலிபெருக்கியில் கிடந்த கடைவீதி திடீரென்று காது அடைத்த மாதிரி இருக்கும். அன்றைக்கும் மறுநாளும் எனக்குச் சோறு இறங்காது. "பரீட்சைக்குப் போற புள்ளயாட்டம் இருக்காரு பாரு" என்று உன் பெரியம்மா சிரிப்பாள். ஏப்ரல் 19 அன்றும் காலை ஆறரைக்கே போய் வரிசையில் நின்றுவிட்டேன். உள்ளே இருந்தது ஐந்து நிமிஷம்கூட இல்லை. வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றபோது, யாரோ என் தோளில் இருந்த மூட்டையை வாங்கி வைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. யாருக்குப் போட்டேன் என்று கேட்காதே. உன் பெரியம்மாவுக்கே தெரியாது.

இந்தத் தடவை காத்திருந்ததுதான் கொடுமை. நாம் முதல் கட்டத்திலேயே போட்டுவிட்டோம். எண்ணுவதற்கு 46 நாள். தோலில் இருந்த மை பத்து நாளில் போய்விட்டது. நகத்தில் இருந்தது மட்டும், நகம் வளர வளர மேலே ஏறிக்கொண்டே வந்தது. ரிசல்ட் வந்தபோது நகத்தின் நடுவில் ஒரு கறுப்புக் கோடாக நின்றது.

ரிசல்ட் உனக்கே தெரியும். இங்கே தமிழ்நாட்டின் 39 இடமும் புதுச்சேரியும் ஒரே கூட்டணிக்கு. நம் கள்ளக்குறிச்சியில் மலையரசன் ஜெயித்தார். டில்லியில் பாஜகவுக்கு 240, கூட்டணியோடு 293. இங்கே ஒரு காற்று, அங்கே ஒரு காற்று என்பது எங்கள் வயசுக்காரர்களுக்குப் புதிதில்லை. 1977-ல் இந்திரா காந்தி ரேபரேலியில் தானே தோற்றார். தமிழ்நாட்டிலோ காங்கிரசும் அண்ணா திமுகவும் இருந்த கூட்டணி 34 இடம் பிடித்தது. அதனால் அன்றைக்கு ராத்திரி எனக்கு சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. டிவியை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

துக்கம் இரண்டு வாரம் கழித்து வந்தது. நம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அந்த நாட்களில் டிவியைத் திறந்தால் கல்வராயன் மலை என்ற பேர்தான். சாராயம் காய்ச்சுவதைத் தவிர அங்கே வேறு பிழைப்பே இல்லை என்பதுபோலப் பேசினார்கள். கடுக்காயும் புளியும் சாமையும் சுமந்து இறங்குகிறவர்களை நீயும் சின்ன வயதில் பார்த்திருக்கிறாய்.

ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு மூத்த வழக்கறிஞரின் பேட்டியைப் பார்த்துவிட்டு, மலை மக்களின் நிலைமை பற்றித் தானாகவே வழக்கு எடுத்தது. அந்த உத்தரவுச் செய்தியைப் படித்துவிட்டுக் காபியை ஆறவிட்டேன். சுதந்திரத்துக்குப் பிறகும் மலை மூன்று ஜாகீர்தார்கள் கையில்தான் இருந்ததாம். 1976-ல்தான் அரசின் கைக்கு முழுதாக வந்ததாம். அங்குள்ளவர்களுக்கு ஓட்டுரிமை கிடைக்க இன்னும் இருபது வருஷம், 1996 வரை ஆனதாம்.

கயல், அந்த 1996-ல் நான் அங்கே இருந்தேன்.

வாத்தியார் வேலையில் தேர்தல் டியூட்டி தப்பாது. வெள்ளிமலை வரை ஜீப், அதற்கு மேல் நடை. ஓட்டுப்பெட்டிகளை ஆட்கள் தலையில் தூக்கிவந்தார்கள். நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் ஒன்றாக நடந்த தேர்தல்; நாடாளுமன்றத்துக்கு வெள்ளைச் சீட்டு, சட்டமன்றத்துக்கு ரோஸ் சீட்டு. நான் முதல் வாக்குப்பதிவு அலுவலர். பட்டியலில் பேரைத் தேடி, வரிசை எண்ணையும் பேரையும் ஏஜெண்டுகள் காதில் விழும்படி சத்தமாகப் படிக்க வேண்டும். தேர்தல் வேலையிலேயே எனக்குப் பிடித்தது இதுதான். பெட்டி போய் மெஷின் வந்தது, மெஷினோடு சீட்டு காட்டும் பெட்டியும் வந்தது. பேரைச் சத்தமாகப் படிப்பது மட்டும் மாறவில்லை. எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அந்த மேஜைக்கு முன்னால் ஒரு எண், ஒரு பேர்.

அன்றைக்கு ஒரு பாட்டி வந்தாள். நான் படித்ததும் நகரவில்லை. "இன்னொருக்கா சொல்லு சார்" என்றாள். காது மந்தம் என்று நினைத்து எரிச்சலோடு மறுபடி படித்தேன். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். சீட்டை எப்படி மடிப்பது என்று பாதிப் பேர் கேட்டார்கள். மை பரவாமல் இருக்க முதலில் நீளவாக்கில், பிறகு குறுக்கே என்று தொண்டை வற்றச் சொல்லிக்கொடுத்தேன். படிக்காத ஜனம், மலையில் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். இவ்வளவு நாள் எங்கே போட்டீர்கள் என்று ஒருவரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. 28 வருஷம் கழித்துச் செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொள்கிறேன்.

இன்னொன்று. இது உன் பெரியம்மாவுக்குக்கூடத் தெரியாது. அப்போது டியூட்டிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் தபாலில்தான் ஓட்டுப் போட்டார்கள், கல்யாண வீட்டுச் சமையல்காரன் கடைசியில் சாப்பிடுகிற மாதிரி. அந்த வருஷம் எனக்கு வந்த சீட்டோடு இருந்த உறுதிமொழிப் படிவத்தில் ஒரு அதிகாரியின் சான்று வாங்கி அனுப்பவேண்டியிருந்தது. மலையிலிருந்து இறங்கிய அலுப்பில் நாளைக்கு நாளைக்கு என்று வைத்திருந்தேன். எண்ணிக்கை தொடங்கிய அன்று பார்த்தால் உறை என் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது. அன்றைக்கும் ராத்திரி வரைக்கும் ரேடியோவை விட்டு நான் நகரவில்லை. நெஞ்சு அடித்துக்கொண்டது, ஓட்டுப் போட்ட வருஷங்களில் அடித்துக்கொண்ட அதே மாதிரிதான். அந்தப் பக்கத்து சீட்டுப் பெண் அன்றைக்கு என் பக்கத்தில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியவில்லை.

உன் பாஸ்போர்ட்டில் நம் தெரு முகவரிதானே இருக்கிறது? எடுத்துப் பார்த்துச் சொல். பெரியம்மா கடுக்காய்ப் பொடி கட்டி வைத்திருக்கிறாள், ஊருக்கு வருகிறவர் யாராவது இருந்தால் அதையும் சொல்.

அன்புடன்,
பெரியப்பா